ஃபாக் லேம்ப் மாட்டப் போறீங்களா? ஃப்யூஸ் காப்பாற்றுவது விளக்கை அல்ல, வயரை!

ஊட்டி, கொடைக்கானல் ட்ரிப்புக்கு முன்பு காரில் ஒரு ஜோடி ஃபாக் லேம்ப் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. கடையில் விளக்கின் பிராண்ட், வெளிச்சம், விலை எல்லாம் பேசி முடிவாகும். ஆனா எந்த வயர் போடுறாங்க, ஃப்யூஸ் எத்தனை ஆம்ப், அது எங்கே இருக்கு என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கார் தீப்பிடிக்க வழி இருப்பது அங்கேதான்.

'12 வோல்ட்தானே, ஷாக்கா அடிக்கப் போகுது?' என்பார்கள். அடிக்காது, உண்மைதான். ஆனால் வயரைச் சூடாக்குவது அதில் ஓடும் ஆம்ப். 55 வாட் ஹாலஜன் விளக்கு இரண்டு என்றால் 110 வாட். வீட்டின் 230 வோல்ட்டில் இதற்கு அரை ஆம்ப் போதும். காரின் 12 வோல்ட்டில் 9 ஆம்புக்கு மேல் ஓடும். வீட்டு டியூப்லைட் வயரை மனதில் வைத்து காருக்கு வயர் எடுத்தால் சறுக்குவது இதனால்தான்.

அடுத்தது நீளம். போக வர 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரில் வழியிலேயே கிட்டத்தட்ட 1 வோல்ட் காணாமல் போகும். ஹாலஜன் விளக்கில் அது ஏறத்தாழ கால் பங்கு வெளிச்சம்! 2.5 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு 0.4 வோல்ட்தான். காசு கொடுத்து விளக்கு வாங்கிவிட்டு வயரில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை.

ஆன்லைனில் வாங்கும் கிட்களில் சில சமயம் 'ஏ.டபிள்யூ.ஜி.' என்று கேஜ் எண் போட்டிருக்கும். அதில் எண் கூடக்கூட வயர் மெலிசு. 14 கேஜ் சுமார் 2 ஸ்கொயர் எம்எம். 18 கேஜ் வெறும் 0.8தான். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயரும் விற்பனைக்கு வருகிறது. அதே தடிமனில் அது செம்பு அளவுக்குத் தாங்காது.

சரி, ஃப்யூஸ்? அது விளக்கைக் காப்பாற்ற இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உரசி உரசி வயரின் தோல் கிழிந்து கார் பாடியைத் தொட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பைக் கொட்டும். வயர் பழுக்கக் காய்வதற்குள் ஃப்யூஸ் போய்விட வேண்டும். அதாவது ஃப்யூஸ் எப்போதும் வயரைவிட பலவீனமானதாக இருக்க வேண்டும்.

தொடர்ந்து ஓடும் கரன்ட், ஃப்யூஸ் அளவில் முக்கால் பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 9 ஆம்ப் சொச்சத்துக்கு நீல நிற 15 ஆம்ப் சரி. 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் அதைத் தாராளமாகத் தாங்கும். இன்னொன்று, 15 ஆம்ப் ஃப்யூஸ் 16 ஆம்ப் ஓடியதுமே டக்கென்று போய்விடாது. 20 ஆம்ப் ஓடினால்கூட சில நிமிடங்கள் தாக்குப்பிடிக்கலாம். அந்த நிமிடங்களையும் தாங்கும் வயர்தான் தேவை.

ஃப்யூஸ் அடிக்கடி போகுதே என்று பச்சை நிற 30 ஆம்பைச் சொருகுவதும், சிகரெட் ஃபாயிலைச் சுற்றுவதும் பழைய பழக்கம். அப்படிச் செய்தால் ஃப்யூஸ் தப்பிக்கும், வயர்தான் எரியும்.

பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வரைக்கும் உள்ள வயருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. டேஷ்போர்டு ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் வைத்துவிட்டு 'வெச்சாச்சு சார்' என்று சொல்வது, முன்னால் ஒன்றரை மீட்டரை அம்போ என விடுவதற்குச் சமம். விளக்கின் மாடல் நம்பரை பில்லில் எழுதும் கடைகள், வயர் அளவையும் ஃப்யூஸ் ஆம்பையும் சேர்த்து எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்? வாடிக்கையாளர்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஏற்கெனவே மாட்டியாச்சா? பானட்டைத் திறந்து, பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து கிளம்பும் புது வயர் போகும் வழியைப் பாருங்கள். ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் ஹோல்டர் இல்லை என்றால், மலையேறுவதற்கு முன் வண்டியை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.