படம் பார்த்தலும் பழுது சொல்லலும்



சென்ற ஆண்டு விழாவின்போது, எமது மாணவர்கள் கணினியிற் கீறிய படங்களை மண்டபத்தின் பின்சுவரிலே தொங்கவிட்டிருந்தோம். அவற்றுள் ஒன்று ஊன்ட்றொப் காமாட்சி அம்பாள் ஆலயத்தின் இராசகோபுரம். 2002ஆம் ஆண்டு யூலை மாதம் குடமுழுக்குக் கண்ட ஆலயத்தின் 17 மீற்றர் உயரமான அக்கோபுரம், அம்பாள் தீர்த்தமாடும் கால்வாயின் நீரிலே தலைகீழாகத் தெரிவதுபோல, இரவு நேரத்து நீல ஊதா வண்ணத்தில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தீட்டியிருந்தாள். அது அவளுடைய கற்பனைக் காட்சி.

தேநீர் மேசைக்கு அருகே நின்று, வருவோர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பெரும்பாலானோர் நடையை நிறுத்தாமலே "நல்லாயிருக்கு" என்று சொல்லிச் சென்றனர். ஒரு தந்தையார், "இது கொம்பியூட்டர் கீறினதுதானே" என்றார். ஒரு தாயார், "கோபுரம் எங்கயாவது நீலமா இருக்குமோ?" என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் உணவு பரிமாறும் இடத்திற்குப் போய்விட்டார். நானும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. "மிக நன்று, பிள்ளை" என்றேன். நன்றியுரை தொடங்குமுன்னரே அவள் தன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டாள்.

அதன்பின் இரண்டு சனிக்கிழமைகள் அவள் வகுப்புக்கு வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தவள் என்னிடம் கேட்டாள்: "சேர், என்ர படத்தில ஒரு எழுத்துப் பிழை இருந்ததாம். அப்பம்மா கைத்தொலைபேசியில பாத்திட்டு இலங்கையில இருந்து சொன்னா. நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

உண்மை. படத்தின் தலைப்பிலே "கோபுரம்" என்ற சொல்லின் முதலெழுத்து உடைந்திருந்தது. ககரத்தின் முன்னே நிற்கவேண்டிய இரட்டைக் கொம்பு பின்னே விழுந்து கிடந்தது. தமிழ் எழுத்துகளை ஒழுங்குபடுத்தத் தெரியாத படச் செயலிகள் சிலவற்றிலே இப்பிழை நேர்வதுண்டு. அதை நான் கண்டேன். விழா நாளிலே பிள்ளையின் மனத்தை நோகடிக்கலாகாது என்று எண்ணி வாயை மூடிக்கொண்டேன். தமிழ் கற்பிப்பதற்கென்று வந்த ஆசிரியன் தமிழெழுத்துப் பிழையைச் சொல்லாமல் விட்டது எந்த வகையிலே அன்பாகும் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கின்றேன்.

குறை சொன்னாற் பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலைக்கு வரமாட்டார்கள் என்று சில பெற்றோர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தை நான் ஏளனம் செய்யவில்லை. கிழமை முழுவதும் யேர்மன் பாடசாலை, சனிக்கிழமையும் படிப்பு என்றால் எந்தப் பிள்ளைக்கும் களைப்பு வரும். ஆயினும், இந்தப் பிள்ளை இரண்டு வாரம் வராமல் இருந்தது குறை கேட்டதனால் அன்று. தன் படத்தை ஒருவரும் பார்க்கவில்லை என்பதனாலேயே. யேர்மன் பாடசாலையிலே அவளது படத்தை வகுப்பே கூடியிருந்து பேசுகின்றது. எங்களிடம் கிடைப்பதோ நடந்துகொண்டே சொல்லும் ஒரு சொல்.

நான் இதற்கு முன்னர் மறுகோடியில் நின்றவன். வன்னியில் ஆசிரியனாக இருந்த காலத்திலே, ஒரு சிறுவன் பனைமரம் ஒன்றைக் கீறிக்கொண்டு வந்தான். தண்டு வளைந்திருந்தது. நான் சிவப்புப் பேனாவை எடுத்து, அவனுடைய கோட்டின் மேலேயே நேரான பனை ஒன்றைக் கீறிக் கொடுத்தேன். உதவி செய்ததாகவே நினைத்தேன். அதன்பின் அவன் எனக்கு ஒரு படமும் காட்டியதில்லை. எறிகணை பட்ட பனைகள் அப்படித்தான் வளைந்து நிற்கும் என்பது பின்னரே என் நினைவுக்கு வந்தது. 2009 இற்குப் பின் அவன் எங்கே என்று எனக்குத் தெரியாது.

"கணினி கீறியது" என்போருக்கு ஒன்று சொல்ல விழைகின்றேன். அந்த மாணவி கிறீற்றா என்னும் இலவசச் செயலியிலே, மின்பலகையில் எழுதுகோலாற் கையால் வரைந்தவள். வானம் ஓர் அடுக்கு, நீர் ஓர் அடுக்கு, கோபுரத்தின் நிழல் வேறோர் அடுக்கு என்று கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதுபோல வைத்து, மூன்று வாரம் உழைத்திருக்கின்றாள். எந்த நீலம் என்று கணினி தெரிவு செய்யாது. கணினி தருவது வேறொரு வசதி. என் சிவப்புப் பேனா அந்தப் பனையை அழித்தேவிட்டது. இங்கோ, ஒருவர் சொன்ன திருத்தத்தைப் புதியதோர் அடுக்கிலே செய்து பார்க்கலாம். பிடிக்காவிடின் அந்த அடுக்கை நீக்கிவிடலாம். மூலம் அப்படியே இருக்கும். ஆகையினாலே சொல்பவரும் அஞ்சவேண்டியதில்லை, கேட்பவரும் அஞ்சவேண்டியதில்லை.

எமது மாநிலத்தின் பொட்றொப் நகரிலே 1888 இற் பிறந்த யோசப் அல்பேர்ஸ் என்னும் ஓவியரை இவ்விடத்திலே நினைக்கின்றேன். அவர் ஊர்ப் பாடசாலையொன்றிலே சிறுவர்களுக்குப் படிப்பித்தவர். ஆசிரியராக இருந்தவர், 1920 இலே, 32 வயதில், வைமார் நகரின் பௌஹவுஸ் கலைக்கூடத்திலே மாணவராகப் போய் அமர்ந்தார். சில ஆண்டுகளில் அங்கேயே ஆசிரியருமானார். 1933 இலே நாசி ஆட்சியின் நெருக்குதலால் அக்கூடம் மூடப்பட்டபோது, ஆங்கிலம் சரிவரத் தெரியாத நிலையில் அமெரிக்கா சென்று, பிளக் மவுண்டன் கல்லூரியிலே கற்பித்தார். நாடு விட்டுப் போன ஆசிரியர் என்பதால் எனக்கு அவர்மீது தனிப் பற்று உண்டென்பதை மறைக்கவில்லை.

மாணவர்களின் ஆக்கங்களை எல்லோரும் காணப் பரப்பிவைத்து, ஒவ்வொன்றையும் பற்றி மாணவர்களையே பேசவைப்பது அவர் வழக்கம். ஒரே வண்ணக் கடதாசித் துண்டை இரு வேறு பின்னணிகளில் வைத்தால் இரு வேறு வண்ணங்களாகத் தோன்றும் என்று காட்டுவார். வண்ணங்கள் பற்றி 1963 இல் வெளியான அவரது நூல் 2013 இலே மின்பலகைக்குரிய செயலியாகவும் வந்திருக்கின்றது. அவர் கடுமையானவர் என்பதையும் சொல்லவேண்டும். அவரிடம் பயின்ற றொபேட் றவுஸ்சென்பேர்க், அவருடைய விமர்சனத்தைத் தாங்குவது கடினமாக இருந்ததென்று பின்னாளிலே நினைவுகூர்ந்தார். எனினும் தமக்கு வாய்த்த மிக முக்கியமான ஆசிரியர் அவரே என்றார். பொட்றொப்பிலே அவர் பெயரால் அருங்காட்சியகம் உண்டு. பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துச் செல்லுங்கள்.

எங்கள் மண்ணிலும் இவ்வழக்கம் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்திலே 1938 இல் எஸ். ஆர். கனகசபை அவர்கள் தொடங்கிய வின்சர் ஓவியக் கழகமும், பின்னாளிலே ஓவியர் மாற்கு இளையோரைக் கூட்டி நடத்திய விடுமுறைக்கால ஓவியர் கழகமும் இருந்தன. ஒருவர் கீறியதை மற்றவர் பார்த்துப் பேசாமல் அத்தகைய கூட்டங்கள் நடந்திருக்க முடியாது.

"கோபுரம் நீலமா இருக்குமோ?" என்று கேட்ட தாயாரை நான் குறைகூறமாட்டேன். அன்று கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான். ஒரு நிமிடம் நின்றிருந்தால், அவருக்கு விடை கிடைத்திருக்கும். பிள்ளைக்கும் மகிழ்ச்சி கிடைத்திருக்கும். ஆகவே பெற்றோரிடம் நான் வேண்டுவது, நின்று பார்த்துக் கண்டதை முதலிற் சொல்லுங்கள், பிள்ளை எதைக் காட்ட நினைத்தது என்று கேளுங்கள், அதன்பின் ஒரேயொரு பழுதைச் சொல்லுங்கள் என்பதே. பத்துப் பழுதைச் சொன்னாற் பிள்ளை ஒன்றையும் திருத்தாது. "அண்ணையின்ர பிள்ளை இதைவிட நல்லாக் கீறும்" என்பது பழுது சொல்லல் அன்று, வேறொன்று.

அச்சிட்ட தாளை மட்டும் பார்த்து வண்ணம் மங்கல் என்று சொல்லிவிடவும் வேண்டாம். திரை, சிவப்பு, பச்சை, நீல ஒளிகளால் வண்ணத்தைக் காட்டுவது. அச்சகமோ நான்கு மைகளால் அதை ஆக்குவது. திரையிலே சுடர்விட்ட ஊதா, தாளிலே வாடிப்போவது கீறியவரின் குற்றமன்று.

மாணவர்களே, ஒருவர் பழுது சொல்லும்போது உடனே காரணம் சொல்லத் தொடங்காதீர்கள். கேட்டு எழுதி வையுங்கள். வீட்டிலே செய்து பாருங்கள். ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் உரிமை. சொன்னவர் ஆசிரியராயினும் அப்படியே.

அந்த மாணவியிடம் கொம்பைத் திருத்தும்படியும், கோபுரத்திற்குச் சற்று மஞ்சள் ஒளி கொடுக்கும்படியும் நான் சொன்னேன். கொம்பைத் திருத்தினாள். மஞ்சளை ஓர் அடுக்கிலே பூசிப் பார்த்துவிட்டு, நீக்கிவிட்டாள். "இரவில நான் பாத்தது இப்பிடித்தான் சேர்" என்றாள்.

இன்றைய விழாவிலும் பின்சுவரிலே படங்கள் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு வெள்ளைத்தாளும் நூலிற் கட்டிய பென்சிலும் வைத்திருக்கின்றோம். நீலக் கோபுரம் இரண்டாம் வரிசையில் மூன்றாவது.