ரேகை விழாத விரல்களும் நம் கணக்கில் உண்டு

சாத்தூர் வட்டாரம் கைவேலையால் பிழைக்கும் ஊர்களைக் கொண்டது. தீப்பெட்டி ஒட்டுவது, பட்டாசுக்குத் திரி வைப்பது, காராச்சேவுக்கு மாவு தேய்ப்பது, மானாவாரிக் காட்டில் களை எடுப்பது என எல்லாமே விரல்களை நம்பிய தொழில்கள். இப்படி உழைக்கும் விரல்களில் ரேகை தேய்கிறது; வயது ஏற ஏற இன்னும் மங்குகிறது. ரேஷன் கடைக் கருவி மாதந்தோறும் கேட்பதும் அதே ரேகையைத்தான். முதல் தடவையிலேயே விழுந்துவிட்டால் அரிசி, பருப்பை வாங்கிக்கொண்டு வேலைக்கு ஓடிவிடலாம். விழாவிட்டால் முந்தானையில் விரலைத் துடைத்து, அடுத்த விரலை வைத்து, பின்னால் நிற்பவர்களின் முணுமுணுப்பையும் கேட்க வேண்டும். அரசாங்கம் எப்படிப்பட்டது என்ற அபிப்பிராயம் நம்மில் பலருக்கு அந்த ஐந்து நிமிடத்தில்தான் உருவாகிறது.

கருவி வந்ததன் நன்மையை மறுப்பதற்கில்லை. 2017-ல் ஸ்மார்ட் குடும்ப அட்டை வந்தபிறகு, பொருள் வாங்கியதும் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. வாங்காத சர்க்கரைக்கு ரசீது விழுந்தால் வீட்டிலிருந்தபடியே தெரிந்துவிடும். கேள்வி கேட்கும் தெம்பை அந்தச் செய்தி கொடுத்தது. 2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தபோது கைரேகைப் பதிவும் பரவலானது. பிழைப்புத் தேடி வேறு மாநிலத்திலிருந்து இங்கு வந்த தொழிலாளியும் தன் பங்கை இங்கேயே வாங்க அது வழிசெய்தது. வேறொருவர் பெயரில் பொருள் எடுப்பதும் கடினமாயிற்று. நம் வரிப்பணம் சரியான வீட்டுக்குப் போகவேண்டும் என்று விரும்பும் எவரும் இதை வரவேற்கவே செய்வார்கள்.

மறுபக்கத்தையும் அதே நியாயத்தோடு பார்க்க வேண்டும். செய்த வேலைக்கு ஏற்பக் கூலி வாங்கும் பெண்ணுக்கு, ‘சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க’ என்ற பதில் அரை நாள் சம்பள இழப்பு. தனியாக வாழும் முதியவருக்கு அது இன்னொரு ஆட்டோ செலவு. 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நலத்திட்டங்களுக்கு ஆதாரைப் பயன்படுத்தலாம் என்று ஏற்றுக்கொண்டது. அதே வேளையில், அடையாளச் சரிபார்ப்பு தோற்றுப்போனது என்பதற்காகத் தகுதியானவருக்கு உரியது மறுக்கப்படக் கூடாது என்பதையும் வலியுறுத்தியது. தீர்ப்பின் இந்த இரண்டாவது பாதி கடை வாசல் வரை வந்து சேர்ந்திருக்கிறதா என்பதே நம் கேள்வி.

விற்பனையாளரின் தரப்பும் கேட்கப்பட வேண்டியதே. தராசையும் விற்பனைக் கருவியையும் இணைக்கும் முறை 2025-ல் வந்தபோது, எடை குறையாது என்று மக்கள் மகிழ்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நேரம் கூடுதலாகிறது, வரிசை நீள்கிறது என்று பணியாளர்கள் முறையிட்டார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. இணையம் படுத்துக்கொண்டால் ஏச்சு வாங்குவது கவுண்டரில் நிற்பவர்தான். சர்வரை வடிவமைத்தவர் அல்ல.

கருவி மட்டும் போதாது, மனிதரின் பொறுப்பும் வேண்டும் என்ற பாடத்தைத்தான் பட்டாசுத் தொழிலும் நமக்குச் சொல்கிறது. பசுமைப் பட்டாசுப் பெட்டிகளில் இன்று க்யூஆர் குறியீடு இருக்கிறது. தயாரிப்பவர் நேர்மையாக இருந்து, அதிகாரி நேரில் பார்த்து, வாங்குபவரும் ஒரு நொடி சோதித்தால்தான் அந்தக் குறியீட்டுக்கு மதிப்பு. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் பலரைப் பறிகொடுத்த வட்டாரம் இது. ஓர் அறையில் அளவுக்கு மீறி ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப் பெட்டியில் அச்சிட்ட குறியீடு பார்த்துச் சொல்லாது. அந்த இடத்தில் பொறுப்புள்ள மனிதர்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே, கருவி வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தில் நின்றுவிடாமல், கருவி கைவிரிக்கும்போது யார் பொறுப்பு என்பதை எல்லோரும் சேர்ந்து தீர்மானிப்பதே நல்லது. அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு. ரேகை விழாவிட்டால் கருவிழிப் பதிவு, கைபேசிக்கு வரும் ஓடிபி, கடைசியாகப் பதிவேட்டில் கையொப்பம் என்ற வரிசையை ஒவ்வொரு கடையிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். பதிவேட்டில் எழுதிப் பொருள் கொடுத்த விற்பனையாளரைத் தணிக்கையில் சந்தேகிக்காமல், அவர் முடிவுக்குத் துறை துணைநிற்க வேண்டும். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுசேர்க்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. கருவியை மனிதர் சுமந்து போனால் தொழில்நுட்பத்துக்கும் ஈரம் வரும் என்பதற்கு அது நல்ல சான்று.

நம் பங்கும் சிறிதல்ல. ஆதாரில் ரேகையையும் கைபேசி எண்ணையும் புதுப்பித்து வைத்துக்கொள்வது நம் வேலை. வந்த குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழித்துவிட்டுப் பிறகு கடைக்காரரைத் திட்டுவது நியாயமாகாது. குறை இருந்தால் 1967 என்ற எண்ணில் சொல்லலாம். வட்ட அளவில் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகக் குறைதீர் முகாமில் மனுக் கொடுக்கலாம். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில், நம் கடையில் சென்ற சபைக்குப் பிறகு எத்தனை பேருக்கு ரேகை விழவில்லை, அவர்களுக்குப் பொருள் கிடைத்ததா என்று கேட்கலாம். அந்த எண்ணிக்கை வெளியே வந்தால் குறை சொல்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் பேசுவதற்குப் பொதுவான ஆதாரம் கிடைக்கும். ஆலை முதலாளிகள், ரேஷன் வாங்கும் நாளில் தொழிலாளர்களுக்கு ஒரு மணி நேரம் விட்டுக்கொடுத்தால் அதுவும் பேருதவி.

அரசின் மீதான நம்பிக்கையைச் செயலி எதுவும் தரவிறக்கித் தந்துவிடாது. அது வரிசையில், ஒருவர் முகத்தை இன்னொருவர் பார்த்துப் பேசும்போது வளர்வது. அடுத்த முறை கடையில் நமக்கு முன்னால் ஒரு பாட்டியின் விரலைக் கருவி ஏற்க மறுத்தால், முணுமுணுக்காமல் ஒரு நிமிடம் பொறுப்போம். ‘பதிவேட்டில் எழுதிக் கொடுங்க அண்ணாச்சி, நாங்க சாட்சி’ என்று வரிசையே சொல்லட்டும்.