துடிப்பு சீரானது, துயரம் தீர்ந்ததா?

1980-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலே, மனித உடலுக்குள் ஒரு கருவி முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. மிஷேல் மிரோவ்ஸ்கி என்ற மருத்துவர் முன்னின்று உருவாக்கிய கருவி! இதயம் தறிகெட்டுத் துடித்தால், மின் அதிர்ச்சி தந்து சீராக்கும். சாவின் வாசலிலிருந்து மீட்டு வரும். போற்றுகிறோம் அந்த அறிவை!

இன்று அதைத் தாங்கும் நெஞ்சங்களிலே பிஞ்சு நெஞ்சங்களும் உண்டு. விழித்திருக்கையில் அதிர்ச்சி பாய்ந்தால், மார்பிலே உதை விழுந்தது போலிருக்கும். சில வேளை தேவையின்றியும் பாயும். அதன் பிறகு? பந்தைக் கண்டால் பயம். படுக்கையைக் கண்டாலும் பயம்! பெற்றவர்களோ, "ஓடாதே, ஆடாதே" என்கிறார்கள். பாசந்தான், ஆனால் அதுவே பூட்டாகிவிடுகிறது.

"உயிர் பிழைத்தது போதாதா?" என்பார் உண்டு. போதாது என்கிறோம் நாம்! உயிரோடிருப்பது வேறு, வாழ்வது வேறு. எந்த விளையாட்டு ஆகும், எது ஆகாது என்பதை அச்சம் முடிவு செய்ய வேண்டாம். மருத்துவர் ஆராய்ந்து சொல்லட்டும். இதய மருத்துவர் பக்கத்திலே மனநல மருத்துவருக்கும் நாற்காலி போடுங்கள்! ஆசிரியருக்கும் விளக்குங்கள்! மாளிகைப் பிள்ளைக்கு மட்டுமல்ல, மூட்டை தூக்குவோன் பிள்ளைக்கும்!

இதயத்தைக் காத்தீர்கள், உள்ளத்தையும் காத்திடுங்கள்!