வெள்ளைச் சிப்பாய்க்கு வெள்ளை மட்டும் போதாது!

வெள்ளை வேட்டி பளிச்சென்று இருக்க வேண்டுமா? கடைசி அலசலில் சொட்டு நீலம் விட வேண்டும். வீட்டில் துணி துவைக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால், குட்டிச் சிப்பாய் பொம்மைக்கு வெள்ளைக் கோட்டு தீட்ட உட்காருகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்!

மேசைமேல் சிறிய படைகளை நிறுத்தி, டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டி மோதவிடும் போர் விளையாட்டுக்கு பிரிட்டனில் ரசிகர்கள் ஏராளம். எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913-லேயே 'லிட்டில் வார்ஸ்' என்று இதற்கு ஒரு விதிப் புத்தகம் எழுதினார். இந்த விளையாட்டில் பொம்மைகளுக்கு நிறம் தீட்டுவது பெரும்பாலும் ஆடுகிறவரின் வேலை. பலரும் விரும்பும் அளவு 28 மி.மீ. தீக்குச்சியைவிடக் குட்டை!

இதில் பலரைப் பாதியிலேயே பிரஷ்ஷைக் கீழே போட வைப்பது நெப்போலியன் காலத்து ஆஸ்திரியக் காலாட்படை. கோட்டு வெள்ளை, கால்சட்டை வெள்ளை, மார்பின் குறுக்கே ஓடும் தோல்வாரும் வெள்ளை. ஒரு பிரிவுக்கே 20, 30 பொம்மைகள் தேவைப்படும்.

வெள்ளை ஏன் படுத்துகிறது?

கறுப்பு அடிப்பூச்சின் மேல் வெள்ளை ஒரே பூச்சில் மூடாது. மூடவில்லையே என்று கெட்டியாக அப்பினால் பொத்தானும் துணி மடிப்பும் புதைந்துவிடும். காய்ந்ததும் சுண்ணாம்புச் சுவர் மாதிரி திட்டுத் திட்டாக நிற்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உடம்பு முழுக்கத் தூய வெள்ளை பூசிவிட்டால், வெளிச்சம் படும் இடத்தைக் காட்ட அதைவிட வெளிறிய நிறம் கிடையாது. அதனால் சாம்பலில் தொடங்கி வெள்ளையில் முடிப்பதே வழி.

சரித்திரமும் இதற்குத் துணை நிற்கிறது. 1805-ல் ஆஸ்டர்லிட்ஸிலும் 1809-ல் வாக்ராமிலும் நின்ற சிப்பாய்கள் சலவைக் கடையிலிருந்து வந்தவர்கள் அல்ல. நாள்கணக்கில் நடந்து, தூசியும் சேறும் படிந்த கம்பளிக் கோட்டுகள் அவை.

வேகமான நான்கு படிகள்

1. சாம்பல் அடிப்பூச்சு: உலோகப் பொம்மையானால் முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். பிறகு சாம்பல் நிற பிரைமர் ஸ்பிரேயை மெல்லியதாக அடிக்கலாம். வெட்டவெளியில், முகக்கவசத்தோடு அடிப்பது நல்லது. மழை ஈரம் உள்ள நாளில் வேண்டாம்.

2. மேலிருந்து வெள்ளை: சாம்பல் காய்ந்ததும், உச்சி வெயில் விழுவதுபோல மேலிருந்து மட்டும் வெள்ளை ஸ்பிரே. தோளும் தொப்பியும் வெளுக்கும். அக்குளும் கோட்டு மடிப்பின் அடியும் சாம்பலாகவே நிற்கும். மொத்தப் படைக்கும் சில நிமிட வேலை! இரண்டாவது ஸ்பிரே இல்லையா? பிரஷ்ஷில் வெள்ளையைத் தொட்டு, காகிதத்தில் துடைத்து, அநேகமாகக் காய்ந்த நிலையில் மேடான இடங்களில் மட்டும் லேசாகத் தேய்த்தாலும் போதும்.

3. பள்ளங்களுக்கு நிழல்: இதுதான் சொட்டு நீலம். நீலம் கலந்த சாம்பலைத் தண்ணீராகக் கரைத்து, மடிப்புகளிலும் தோல்வாரின் ஓரங்களிலும் மட்டும் ஓடவிட வேண்டும். வெள்ளைக் கோட்டையும் வெள்ளை வாரையும் பிரித்துக் காட்டுவது இந்த மெல்லிய கோடுதான். மேட்டில் வழிந்ததை ஈரப் பிரஷ்ஷால் உடனே ஒற்றி எடுக்கலாம். நீலச் சாயல் அணிவகுப்புச் சிப்பாய்க்கு; பழுப்புச் சாயல் சேற்றில் நடந்தவனுக்கு. இதற்கென்றே தயாராகவும் பெயின்ட் கிடைக்கிறது. கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் 2019-ல் கொண்டுவந்த 'கான்ட்ராஸ்ட்' வகை, ஒரே பூச்சில் பள்ளத்தில் அடர்ந்தும் மேட்டில் வெளிறியும் காய்கிறது.

4. தூய வெள்ளை கடைசியில்: தோள் நுனி, முழங்கை, முழங்கால், வாரின் விளிம்பு. இவ்வளவுதான்! கொஞ்சமாக வைப்பதால்தான் அது வெள்ளையாகத் தெரிகிறது.

இதற்குப் பிறகு கழுத்துப்பட்டிக்கும் கைமடிப்புக்கும் ரெஜிமென்ட்டின் நிறம். சிவப்போ, பச்சையோ, மஞ்சளோ. கணுக்காலுக்கு மேல் கறுப்பு உறை. அடர்ந்த நிறங்கள் பக்கத்தில் வந்ததும் வெள்ளை தானாகவே எடுப்பாகும். கடைசியாகப் பளபளப்பில்லாத வார்னிஷ். இதையும் ஈரக்காற்றில் அடிக்கக் கூடாது. பனி படர்ந்ததுபோல் மங்கிவிடும்.

வீட்டுக்கு ஒரு வார்த்தை: பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் வேண்டாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பொம்மைகளை எட்டாத உயரத்தில் வைப்பது அவசியம்.

முதலில் ஒரே ஒரு பொம்மையில் முயன்று பார்க்கலாம். மூக்கருகே பிடித்துப் பார்த்தால் குறைகள் தெரியத்தான் செய்யும். ஆனால் ஆட்டம் நடப்பது மூன்றடி தள்ளி. அங்கிருந்து பார்க்கும்போது, ஒரு சிப்பாய் அப்பழுக்கில்லாமலும் மற்ற 29 பேர் பெயின்ட்டே இல்லாமலும் டப்பாவில் கிடப்பதைவிட, முப்பது பேரும் ஓரளவு நன்றாக வரிசையில் நிற்பதுதான் படை!