வீட்டை விற்காதீர்கள் என்றவர்

பணக்காரர்கள் தேர்தல் நிதி கொடுப்பதில் என்ன குற்றம், நாட்டில் வேலை கொடுப்பவர்களே அவர்கள்தானே என்று கேட்கிறார் நண்பர். அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப்பின் முதல் ஆட்சிக்காலத்தை வைத்து அவர் கட்டும் வாதம் இது: முதலாளியின் கையில் காசு புரண்டால் தொழிற்சாலை பெருகும், தொழிற்சாலை பெருகினால் தொழிலாளிக்கு வேலை. ஆகவே மேடையில் தொழிலாளிக்குக் கொடுத்த வாக்கும், மாளிகை விருந்தில் கோடீஸ்வரர்களிடம் திரட்டிய நிதியும் ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள். குறை சொல்கிறவர்களுக்குப் பொருளாதாரம் தெரியவில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

எனக்குத் தெரிந்த பொருளாதாரத்தை ஒஹையோ மாநிலத்து யங்ஸ்டவுனிலிருந்து தொடங்குகிறேன். நண்பரின் வாதத்தில் அந்த ஊரின் பெயரே வரவில்லை.

யங்ஸ்டவுன் எஃகு ஊர். 1977 செப்டம்பர் 19, ஒரு திங்கட்கிழமை, அங்கிருந்த பெரிய எஃகு ஆலையின் மூடல் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 பேருக்கு வேலை போனது. அந்த நாளை அவ்வூரார் இன்றும் கறுப்புத் திங்கள் என்றே சொல்கிறார்கள். அதன் பிறகு பக்கத்திலுள்ள லார்ட்ஸ்டவுனில் 1966 முதல் ஓடிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார் தொழிற்சாலைதான் அந்தப் பகுதிக்குப் பெரிய சோறு. 2017 ஜூலை 25 அன்று டிரம்ப் யங்ஸ்டவுனுக்கு வந்தார். நிரம்பிய அரங்கில், வரும் வழியில் பார்த்த பழைய ஆலைகளைப் பற்றிப் பேசினார். போன வேலைகளெல்லாம் திரும்பி வருகின்றன, ஊரை விட்டுப் போகாதீர்கள், வீட்டை விற்காதீர்கள் என்றார்.

ஒரு தொழிலாளிக்கு வீடு என்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். அவருடைய சேமிப்பு முழுவதும் அந்தச் சுவர்களுக்குள்தான் இருக்கிறது. ஷிஃப்ட் குறையும்போது விற்கலாமா, பொறுக்கலாமா என்று கணவனும் மனைவியும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்குக்குள் நாட்டின் அதிபர் வந்து, பொறுங்கள் என்கிறார். அதைக் கூட்டத்தில் கைதட்டு வாங்கச் சொன்ன பேச்சு என்று தள்ளிவிட முடியாது. நம்பியவர்களுக்கு அது கையெழுத்துப் போடாத பத்திரம்.

2018 நவம்பர் 26 அன்று லார்ட்ஸ்டவுன் உள்ளிட்ட ஆலைகளில் உற்பத்தியை நிறுத்தப் போவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. நிறுவனம் நஷ்டத்தில் இல்லை. அந்த ஆண்டு அதன் நிகர லாபம் 800 கோடி டாலர் அளவில் இருந்தது. 2019 மார்ச் 6 அன்று கடைசி செவ்ரலே குரூஸ் கார் வெளியே வந்தது. சிறிய கார்களை மக்கள் வாங்காமல் போனதற்கு அதிபர் பொறுப்பல்ல, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குரூஸின் விற்பனை சரிவது 2017இலேயே தெரிந்த விஷயம். அவர் யங்ஸ்டவுனில் பேசுவதற்கு ஆறு மாதம் முன்பே, அந்த ஜனவரியில், ஆலையின் மூன்றாவது ஷிஃப்டை நிறுத்தியிருந்தார்கள். தெரிந்துகொண்டும் வாக்குக் கொடுத்தார்.

லார்ட்ஸ்டவுன் தொழிற்சங்கத்தின் தலைவர் டேவ் கிரீன் 2018இல் அதிபருக்குக் கடிதங்கள் எழுதினார். ஆலையைக் காப்பாற்ற உதவுங்கள் என்பதுதான் அவற்றின் சாரம். ஆலை மூடிப் பதினொரு நாள் கழித்து, 2019 மார்ச் 17 அன்று, அதிபர் ட்விட்டரில் அந்த மனிதரின் பெயரைச் சொல்லியே சாடினார். ஜனநாயகக் கட்சிக்காரரான இவர் முதலில் தன் வேலையை ஒழுங்காகப் பார்க்கட்டும் என்று எழுதினார். மூடப்பட்ட ஆலைக்கு மூடியவர்கள் மட்டும் பொறுப்பில்லையாம், வேலை இழந்தவர்களின் பிரதிநிதியும் பொறுப்பாம். இதை நண்பர் எந்தப் பொருளாதாரத்தில் சேர்ப்பார்?

ஐந்து மாதம் கழித்து, ஆகஸ்ட் 9. நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டில், சவுத்தாம்ப்டனில், ரியல் எஸ்டேட் கோடீஸ்வரர் ஸ்டீபன் ராஸின் வீட்டில் அதிபருக்கு நிதி திரட்டும் விருந்து. மதிய உணவும் அதிபரோடு ஒரு புகைப்படமும் வேண்டுமென்றால் ஒரு லட்சம் டாலர். சிறு வட்டமாக உட்கார்ந்து அவரோடு கலந்து பேசவும் வேண்டுமென்றால் இரண்டரை லட்சம். லார்ட்ஸ்டவுனில் அனுபவமுள்ள ஒரு தொழிலாளி மணிக்கு முப்பது டாலர் அளவில் வாங்கினார் என்று வைத்துக்கொண்டால், அந்த நாற்காலி அவருடைய நான்கு வருடச் சம்பளம்.

ஒரு வேட்பாளருக்குத் தனிநபர் ஒருவர் ஒரு தேர்தலுக்கு அப்போது 2,800 டாலர்தானே கொடுக்க முடியும், இரண்டரை லட்சம் எப்படி என்று கேட்கலாம். வழி இருக்கிறது. வேட்பாளர், தேசியக் கட்சி, மாநிலக் கட்சிகள் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டு நிதிக்குழு அமைப்பார்கள். நன்கொடையாளர் ஒரே காசோலையாகக் கொடுப்பார், குழு அதைப் பங்கு பிரித்துக்கொள்ளும். ஒருவர் மொத்தமாக இவ்வளவுதான் கொடுக்கலாம் என்றிருந்த உச்சவரம்பை 2014இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபின் அந்தக் காசோலை பெருத்துவிட்டது. எல்லாம் சட்டப்படிதான் நடக்கிறது. சட்டப்படி நடப்பதாலேயே சரி என்று நண்பர் முடிவு கட்டுகிறார். சட்டத்தில் இந்த வழியைத் திறந்துவிட்டால் யாருக்கு லாபம் என்ற கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

இப்போது வாதத்தின் அச்சாணிக்கு வருகிறேன்: முதலாளியிடம் காசு சேர்ந்தால் முதலீடு செய்வார். இதை முதலாளிகளிடமே நேரில் கேட்டுப் பார்த்த ஒரு நாள் உண்டு. 2017 நவம்பர் 14, வாஷிங்டனில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நடத்திய தலைமை நிர்வாகிகள் கூட்டம். மேடையில் அதிபரின் பொருளாதார ஆலோசகர் கேரி கோன். கீழே பெரிய நிறுவனங்களின் தலைவர்கள். பேட்டி எடுத்த பத்திரிகையாளர் அவர்களைப் பார்த்து, டிரம்ப் அரசின் இந்த வரிச் சீர்திருத்தம் நிறைவேறினால் முதலீட்டைக் கூட்டப் போகிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில கைகள்தான் எழுந்தன. மற்ற கைகள் ஏன் எழவில்லை என்று கோன் மேடையிலிருந்தே கேட்டார். அந்தக் காணொளியை நான் பல முறை பார்த்திருக்கிறேன். நண்பரின் கோட்பாட்டை மறுக்க எனக்குப் புள்ளிவிவரமே தேவையில்லை; மடியில் கிடந்த அந்தக் கைகள் போதும்.

ஆனாலும் சட்டம் வந்தது. டிசம்பர் 22 அன்று டிரம்ப் கையெழுத்திட்டார். நிறுவன வரி 35 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாக இறங்கியது. பத்தாண்டில் அரசுக்கு ஏறத்தாழ 1.5 லட்சம் கோடி டாலர் இழப்பு என்று நாடாளுமன்றத்தின் வரிக்குழு கணக்கிட்டது. நிறுவனங்களுக்கான குறைப்பு நிரந்தரம். சாதாரணக் குடும்பங்களுக்கான குறைப்புக்கு 2025 டிசம்பர் வரைதான் ஆயுள் இருந்தது; 2025 ஜூலையில் இன்னொரு சட்டம் போட்டுத்தான் அதை நிரந்தரமாக்கினார்கள். யங்ஸ்டவுன்காரர்களுக்குக் கொடுத்த வாக்கில் தேதியும் இல்லை, எண்ணும் இல்லை. நிறுவனங்களுக்குக் கொடுத்ததில் சதவீதம் உண்டு, அமலாகும் நாள் உண்டு, காலாவதி மட்டும் இல்லை. இரண்டு மாடும் ஒரே நுகத்தடியில் என்று சொல்கிறவர் இந்த இரண்டு ஒப்பந்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

கையெழுத்திட்ட அன்றே அதிபர் ஃபுளோரிடாவிலுள்ள தன் மார்-அ-லாகோ கிளப்புக்குப் பறந்தார். அன்றிரவு அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த நண்பர்களிடம், நீங்கள் எல்லாரும் இப்போது இன்னும் பெரிய பணக்காரர்கள் ஆகிவிட்டீர்கள் என்று அவர் சொன்னதாக சிபிஎஸ் தொலைக்காட்சி செய்தி வெளியிட்டது. அதற்கு ஒன்றரை மாதம் முன்பு, நியூயார்க்கைச் சேர்ந்த குடியரசுக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் கிறிஸ் காலின்ஸ் செய்தியாளர்களிடம் பேசினார். இதை நிறைவேற்று, இல்லையென்றால் இனி என்னைக் கூப்பிடாதே என்று நன்கொடையாளர்கள் சொல்கிறார்கள் என்று வாயாலேயே ஒப்புக்கொண்டார். தேர்தலுக்கு முன் ஹெட்ஜ் ஃபண்ட் முதலாளிகளுக்கான தனி வரிச்சலுகையை ஒழிப்பேன் என்று டிரம்ப் மேடைதோறும் முழங்கினார். சட்டத்தில் அது ஒழியவில்லை. சலுகை பெற முதலீட்டை வைத்திருக்க வேண்டிய காலத்தை ஓராண்டிலிருந்து மூன்றாண்டு ஆக்கியதோடு சரி.

குடும்பத்துக்கு ஆண்டுக்கு 4,000 டாலராவது வருமானம் கூடும் என்றது வெள்ளை மாளிகையின் பொருளாதார ஆலோசனைக் குழு. 2018இல் உண்மையில் கூடியது என்ன? எஸ் அண்ட் பி 500 நிறுவனங்கள் தங்கள் பங்குகளைத் தாங்களே திரும்ப வாங்கிக்கொண்ட தொகை. 80,000 கோடி டாலரைத் தாண்டி அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. சட்டத்தால் சம்பளம் எகிறியதற்கான அறிகுறி இல்லை என்று நாடாளுமன்றத்தின் சொந்த ஆய்வுப் பிரிவே 2019இல் எழுதியது.

நண்பர் கையில் வைத்திருக்கும் ஒரே வலுவான சீட்டு 3.5 சதவீதம். 2019 செப்டம்பரில் வேலையின்மை அந்த அளவுக்கு இறங்கியது, ஐம்பது ஆண்டுகளில் மிகக் குறைவு. உண்மைதான். ஆனால் அந்தக் கோடு 2009 அக்டோபரில் 10 சதவீதத்திலிருந்து இறங்க ஆரம்பித்து, டிரம்ப் பதவியேற்ற 2017 ஜனவரியிலேயே 4.7க்கு வந்திருந்தது. அவருடைய முதல் மூன்றாண்டில் கூடிய வேலைகளைவிட அதற்கு முந்தைய மூன்றாண்டில் கூடியவை அதிகம். மலையிலிருந்து இறங்கிவரும் வண்டியில் பாதி வழியில் ஏறியவரை, வண்டியை ஓட்டியவர் என்கிறார் நண்பர்.

விஸ்கான்சினையும் சொல்லியாக வேண்டும். நம் ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த அதே ஃபாக்ஸ்கான் நிறுவனம், மவுண்ட் பிளசன்ட் என்ற ஊரில் 1,000 கோடி டாலர் முதலீட்டில் 13,000 வேலை தருவதாகச் சொன்னது. மாநிலம் 300 கோடி டாலர் அளவுக்குச் சலுகை தர ஒப்புக்கொண்டது. 2018 ஜூன் 28 அன்று டிரம்ப் தங்க நிற மண்வெட்டியால் மண்ணைத் தள்ளி, இது உலகின் எட்டாவது அதிசயம் என்றார். அந்த நிலத்தில் ஏற்கெனவே வீடுகள் இருந்தன. நல்ல வீடுகள், சில புதிதாகக் கட்டியவை. அந்தப் பகுதி முழுவதையும் சீரழிந்த பகுதி என்று ஊராட்சி அறிவித்தது. கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தைத் தலைக்கு மேல் நிறுத்தி வீடுகளை வாங்கி இடித்தது. யங்ஸ்டவுனில் வீட்டை விற்காதே என்றார்கள், மவுண்ட் பிளசன்ட்டில் விற்றே ஆகவேண்டும் என்றார்கள். 2021 ஏப்ரலில் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதினார்கள். முதலீடு 67.2 கோடி டாலர், வேலை 1,454. எட்டாவது அதிசயத்துக்காகத் தரைமட்டமான வீட்டைத் திருத்திய ஒப்பந்தம் எழுப்பித் தராது.

ஜனநாயகக் கட்சி மட்டும் யோக்கியமா என்பது நண்பரின் அடுத்த கேள்வி. இல்லை. வேலைவாய்ப்பு மசோதாவை மக்கள் முன் வைத்த பராக் ஒபாமா, 2012 மே மாதம் நடிகர் ஜார்ஜ் குளூனியின் வீட்டில் தலைக்கு 40,000 டாலர் விருந்தில் ஒன்றரைக் கோடி டாலர் அளவுக்குத் திரட்டினார். ஜோ பைடன் 2019 ஜூனில் மன்ஹாட்டனின் கார்லைல் ஹோட்டலில் பணக்கார நன்கொடையாளர்களைப் பார்த்து, அடிப்படையாக எதுவும் மாறாது என்று உறுதி சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அவரை இன்றும் மன்னிக்கவில்லை. அவர்களும் செய்தார்கள் என்பதால் நோய் பெரிது என்று ஆகுமே தவிர, நோயே இல்லை என்று ஆகாது.

நிதி கொடுப்பது பேச்சுரிமை, அதற்குக் கைமாறு எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்கிறார் நண்பர். 2010 சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆன்டனி கென்னடி நின்ற இடமும் ஏறக்குறைய இதுதான்: செல்வாக்கோ அணுகலோ இருப்பதுபோல் தோன்றுவதால் மக்கள் ஜனநாயகத்தில் நம்பிக்கை இழந்துவிட மாட்டார்கள். டேவ் கிரீனின் கடிதத்தை வைத்துக்கொண்டு இதைப் படித்துப் பாருங்கள். சவுத்தாம்ப்டனில் விற்றது சோறு அல்ல, அதிபரின் காது. யாருடைய கவலை அவர் மனதில் தங்கும், எந்தத் தொழிற்சாலையின் பெயர் அவர் காதில் விழும் என்பது அங்கே தீர்மானமாகிறது. இதற்குக் கைமாறு ரசீது தேடுகிறவர் தேடிக்கொண்டே இருக்கலாம். கிறிஸ் காலின்ஸ் ரசீது இல்லாமலே சொல்லிவிட்டார்.

லார்ட்ஸ்டவுன் ஆலை மூடியபின் அங்கிருந்தவர்களை டென்னசி, மிசூரி என்று வேறு மாநிலத்து ஆலைகளுக்கு மாற்றினார்கள். அப்பா ஒரு மாநிலத்தில், அம்மாவும் பிள்ளைகளும் இன்னொரு மாநிலத்தில் என்று பிரிந்த குடும்பங்களோடு இருந்து படம் எடுத்தார் புகைப்படக் கலைஞர் லடோயா ரூபி ஃப்ரேசியர். கடைசி குரூஸ் என்பது அந்தப் படைப்பின் பெயர். அதிபர் சொன்னதை நம்பி 2017இல் வீட்டை விற்காமல் பொறுத்தவருக்கு, ஆலை மூடி ஊரை விட்டுப் போக நேர்ந்தபோதுதான் விற்க வேண்டி வந்தது.

ஆலையை லார்ட்ஸ்டவுன் மோட்டார்ஸ் என்ற புது நிறுவனம் வாங்கியது. தேர்தலுக்கு ஐந்து வாரம் முன்பு, 2020 செப்டம்பர் 28 அன்று, அதன் மின்சார பிக்கப் வண்டியை வெள்ளை மாளிகையில் நிறுத்தி டிரம்ப் காட்டினார். 2023 ஜூனில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அதற்குள் ஆலை மறுபடி கைமாறியிருந்தது. 2022இல் அதை வாங்கியது ஃபாக்ஸ்கான்.