'வன்னி தானே, ஸ்லோவாத்தான் இருக்கும்'

சேர்வர் மெதுவா ஓடினா எங்கட வாயில முதல் வாற பதில் இதுதான். லைன் சில இடங்களில் உண்மையிலேயே மோசம், மறுக்கேல்லை. ஆனால் அதே அறைக்குள் இருக்கிற சேர்வரில் இருந்து ஒரு கோப்பை எடுக்கவே அரை மணித்தியாலம் போகுதெண்டால், வெளி லைனைத் திட்டிப் பிரயோசனமில்லை. சுவிட்ச் போர்ட்டைப் பாருங்கோ.

பழைய வட்டுவாகல் பாலத்தை நினையுங்கோ. ஒரு பக்கத்து வாகனம் கடக்குமட்டும் மற்றப் பக்கம் நிக்கவேணும். அது ஹாஃப் டூப்ளெக்ஸ். ஏ9 வீதியில் போறதும் வாறதும் ஒரே நேரத்தில் நடக்கும். அது ஃபுல் டூப்ளெக்ஸ். கேபிளின் ஒரு முனை ஏ9 எண்டும் மறுமுனை வட்டுவாகல் எண்டும் நினைச்சால் மோதல்தான். பிங் போகும், லைட்டும் எரியும், பெரிய கோப்பு மட்டும் தவழும்.

'சேர்வர் போர்ட்டெண்டா 100 ஃபுல் எண்டு பூட்டு' என்ற பழைய பழக்கம்தான் இதுக்குப் பெரும்பாலும் காரணம். 1995இல் தரப்படுத்தப்பட்ட ஆட்டோ நெகோசியேஷன், ஆரம்பகாலக் கருவிகளுக்கிடையில் ஒழுங்காக ஒத்துப்போகவில்லை. அப்போது பூட்டினதில் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் பூட்டினால், ஆட்டோவில் இருக்கிற மற்றப் பக்கம் வேகத்தைச் சிக்னலில் இருந்து கண்டுபிடிக்கும்; டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியில்லாமல் ஹாஃபுக்குப் போய்விடும். 1999இல் வந்த செப்புக் கம்பிக் கிகாபிட்டுக்கோ ஆட்டோ கட்டாயம். அந்தப் போர்ட்டை 100இல் பூட்டுறது, பத்தில் ஒன்பது பங்கு வேகத்தை எறியிறதுதான்.

ஆகவே நாங்கள் சொல்லுறது: இரண்டு பக்கமும் ஆட்டோவில் விடுங்கோ. பழைய கருவிக்காகப் பூட்டத்தான் வேணுமெண்டால், இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரிப் பூட்டி, அதைத் துண்டில் எழுதிச் சுவிட்சில் ஒட்டுங்கோ. லினக்ஸ் சேர்வரில் ஈத்டூல் இப்போதைய வேகத்தையும் டூப்ளெக்ஸையும் காட்டும். ஹாஃப் பக்கத்தில் லேட் கொலிஷனும் ஃபுல் பக்கத்தில் சிஆர்சி பிழையும் ஏறிக்கொண்டு போனால், வருத்தம் இதுதான்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கு. 2021இல் வவுனியாவுக்குத் தனிப் பல்கலைக்கழகமே வந்திட்டுது. அங்க படிச்சு வாற பிள்ளைகள்தான் நாளைக்கு எங்கட பாடசாலைகளிலும் பிரதேச செயலகங்களிலும் இந்தச் சுவிட்சுகளைப் பூட்டப்போறது. பழைய பழக்கத்தோடு 'வன்னி தானே' என்ற சாட்டையும் அவையளுக்குக் கைமாத்தாமல் விடுவம்.