பூஜ்யத்தைத் தின்னும் எக்செல்

கணக்குப்பிள்ளைக்கு எண் இரண்டு வகை. ஒன்று தொகை. கூட்டலாம், கழிக்கலாம், வட்டி போடலாம். இன்னொன்று அடையாளம். பேரேட்டின் பக்க எண்ணை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. நம் செட்டிநாட்டு வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவனுக்கே இந்த வித்தியாசம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். எக்செலுக்கு இன்னும் பிடிபடவில்லை.

இணையதளத்தில் "எக்செலாக இறக்கு" என்ற பொத்தானை அழுத்தி எடுத்த பட்டியலைத் திறந்து பாருங்கள். வங்கிக் கணக்கு எண்ணுக்கு முன்னால் இருந்த பூஜ்யங்கள் இருக்காது. 12 இலக்க ஆதார் எண், 2.34568 என்று சுருங்கி, பின்னால் ஓர் 'ஈ'யும் +11-உம் ஒட்டிக்கொண்டு நிற்கும். கட்டத்தின் வடிவத்தை மாற்றினால் ஆதார் எண்ணாவது திரும்பிவிடும். 16 இலக்க எண் என்றால் அதுவும் இல்லை. எக்செல் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும், பதினாறாவதைப் பூஜ்யமாக்கிவிடும். பிறகு என்ன செய்தாலும் போனது போனதுதான்.

நான் கணக்குப் பார்க்க உதவும் ஓர் அறக்கட்டளையில் போன வருஷம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை அனுப்பினார்கள். பூஜ்யத்தில் தொடங்கும் கணக்கு எண்களுக்குப் போன பணமெல்லாம் திரும்பி வந்துவிட்டது. மறுபடி அனுப்புவதற்குள் ஒரு பெண்ணுக்குக் கட்டணத் தேதி கடந்து அபராதமும் சேர்ந்தது. "ஐயா, எங்க கணக்கு நம்பரைச் சரியாத்தானே எழுதிக் கொடுத்தோம்?" என்று அவள் அம்மா கேட்டார். சரியாகத்தான் எழுதியிருந்தார்.

மென்பொருள் செய்து கொடுத்த தம்பியிடம் சொன்னால், "அது எக்செல் பிரச்சினை ஐயா, இறக்கின பிறகு நீங்கதான் சரி பண்ணிக்கணும்" என்றார். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காரணம் இதுதான். இப்படி இறங்கும் கோப்புகளில் பல உண்மையில் எக்செல் கோப்பே அல்ல. வலைப்பக்கத்தின் அட்டவணையை அப்படியே எடுத்து எக்செல் பெயரை ஒட்டி அனுப்புகிறார்கள். திறக்கும்போது "வடிவமும் பெயரும் பொருந்தவில்லை" என்று ஓர் எச்சரிக்கை வருகிறதே, அது இதனால்தான். எக்செல் 2000 வந்த காலத்திலிருந்தே இந்த அட்டவணைகளை அது படிக்கும். வலைப்பக்கத்துக்கு நிறமும் கோடும் போடும் சி.எஸ்.எஸ். குறிப்புகளையும் படிக்கும். அந்தக் குறிப்புகளிலேயே மைக்ரோசாஃப்ட் தனக்கென்று ஒன்று வைத்திருக்கிறது, 'எம்எஸ்ஓ-நம்பர்-ஃபார்மட்' என்று. அதற்கு எதிரே ஒரு பின்சாய்வுக் கோடும் @ குறியும் போட்டால், "இந்தக் கட்டத்தில் இருப்பது எழுத்து, எண்ணாக எண்ணாதே" என்று பொருள். பூஜ்யமும் தப்பும், பதினாறாவது இலக்கமும் தப்பும். ஒரே ஒரு வரி! தலைப்புக்கு நீலமும் மஞ்சளும் தீட்டத் தெரிந்த தம்பிக்கு இது தெரியாமல் போவானேன்? லட்சத்துக்கு 1,00,000 என்று நம் முறையில் கமா போடவும் அதே குறிப்பு போதும்.

எந்தப் பத்தி தொகை, எந்தப் பத்தி அடையாளம் என்பது பட்டியலைச் செய்தவருக்குத் தெரியும். திறக்கிறவர் எழுபது வயதுப் பொருளாளர், அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

படித்தவர்களும் தப்பவில்லை. மார்ச்1, செப்ட்1 என்று தொடங்கும் மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், பெயர் சூட்டும் குழு 2020-இல் அவற்றை மார்ச்எஃப்1, செப்டின்1 என்று மாற்றிவிட்டது. தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதியை எக்செல் 2023-இல்தான் கொடுத்தது. (மரபணுவுக்கே பெயர் மாற்றம் என்றால் நம் பாஸ்புக் எம்மாத்திரம்!)

வெறும் கமா போட்டுப் பிரித்த சி.எஸ்.வி. கோப்பு வந்தால் அதில் இந்த வரி எழுத இடமே கிடையாது. அதை நேரே திறக்காமல், 'டேட்டா' பகுதி வழியாக உள்ளே கொண்டுவந்து, கணக்கு எண் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிடுங்கள்.

தம்பி கடைசியில் அந்த வரியைச் சேர்த்துக் கொடுத்தார். கணக்கு எண்கள் இப்போது முழுசாக இறங்குகின்றன. தேதியில் மட்டும் இன்னும் மாதம் முன்னால் நிற்கிறது. அதையும் சொல்லி வைத்திருக்கிறேன்.